ஊசி ஒதுங்கும் நேரம்

ஒட்டுசுட்டானில் ஏறும்போதே நடத்துனர் கேட்டார்,
மடியில் என்ன, குழந்தையா என்று.
துவாயில் சுற்றியிருந்தது அப்படி.
இல்லை அண்ணை, கிணறுகள் என்றேன்.
இருநூற்றுப் பதினாலு கிணறுகள்.

அவருக்கு விளங்கவில்லை.
மிச்சக் காசை மட்டும் சரியாகத் தந்தார்.

முத்தையன்கட்டிலும் கற்சிலைமடுவிலும்
வாளி விட்டு அள்ளி
உப்பு எவ்வளவு, கல்சியம் எவ்வளவு,
அதைக் குடிக்கிற வீட்டில்
சிறுநீரகத்துக்கு மருந்தெடுப்பவர் எத்தனை பேர்
என்று கேட்டுக் கேட்டுப் பதிந்த கணக்கு
இந்தப் பழைய லப்டொப்பின் வயிற்றுக்குள்
நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு தடவை சுற்றுகிறது.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.
வெளித்தட்டு ஒன்று வேண்டுமென்று எழுதிய கடிதம்
வவுனியாவில் ஒரு கையெழுத்துக்காக
ஐந்து மாதமாய்க் காத்திருக்கிறது.

கிளிநொச்சியில் கணினி திருத்தும் எமில்ரஞ்சன்
செத்துப்போன வன்தட்டு ஒன்றைத் திறந்து காட்டினான்.
முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு.
நடுவில் மோதிரம் போல வட்டமாய் ஒரு கீறல்.
"ஒரு கலியாணவீடு முழுக்க
இந்தக் கோட்டுக்குள்ள போயிட்டுது" என்றான்.

ஊசி தட்டைத் தொடுவதில்லையாம்.
மிதக்கிறதாம்.
இடையில் ஒரு தூசு படுக்கவும் இடம் போதாதாம்.
ஓடிக்கொண்டிருக்கையில் தூக்கி நடந்தால்,
மேசையில் தொப்பென்று வைத்தால்,
அவ்வளவுதான்.
"நிப்பாட்டிப்போட்டுப் பத்து எண்ணுங்கோ அக்கா,
அது அடங்கினாப் பிறகு தூக்குங்கோ."

பத்து எண்ணலாம்.
திரும்ப அது கண் விழிக்கப் பதினொரு நிமிடம்.
வெயிலில், கிணற்றுக்கட்டில்,
வீட்டுக்காரி கதிரை கொண்டுவந்து போட்டு
தேத்தண்ணி ஊற்றி
மகளின் பரீட்சை முடிவையும் சொல்லி முடித்தபிறகும்
திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.
ஆகவே அணைக்காமலே கொண்டுதிரிகிறேன்.
பாவம்தான்.

ஆனால் உள்ளே ஓர் உணரி இருக்கிறது.
கை நழுவிய கணத்தில்
பாரம் இல்லாமல் போவதை அது அறிந்துவிடும்.
நிலம் வந்து இடிக்கமுதல்
ஊசி தட்டைவிட்டு விலகி
ஓரத்தில் தன் மேட்டில் ஏறிப் படுத்துவிடும்.
மேசை உயரத்திலிருந்து விழுகிற
அரைநொடிக்கும் குறைந்த நேரத்துக்குள்.

விழுவது நிலத்தில் படும்போது தொடங்குவதில்லை.
நிலம் இல்லாமல் போகும்போது தொடங்குகிறது.
எமில் இப்படிச் சொல்லவில்லை.
நெடுங்கேணி வீதியில் நானாக நினைத்துக்கொண்டது.

இந்த வீதியில் அதற்கு ஓய்வே இல்லை.
ஒவ்வொரு கிடங்கும் அதற்கு ஒரு விழுகை.
பஸ் எழும்பும், ஊசி ஒதுங்கும்.
பஸ் இறங்கும், திரை உறையும்.
கடைசிக் கிணற்றின் கணக்கு
சேமிக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கும்.
வாகனத்தில் போகையில் அந்த உணரியை
நிறுத்திவைக்கலாம் என்று ஒரு பெட்டி கேட்கிறது.
அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன்.

அப்போதுதான் பின்சில்லு வெடித்தது.

சாரதி தலை குனிந்தார். நடத்துனர் குனிந்தார்.
சந்தைக்கு வெண்டிக்காய் கொண்டுபோன இரண்டு பெண்கள்,
தொப்பி போட்ட வங்கிக்காரர்,
நான், என் மடிமேல் கவிழ்ந்து.
ஒரே அசைவு. யாரும் யோசிக்கவில்லை.

நிமிர்ந்தே இருந்தவர்கள்
மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேர்.
எங்களை வியப்பாய்ப் பார்த்தார்கள்.
ஒருத்தி சிரித்தாள்.
அவளுக்கு அது சில்லு வெடித்த சத்தம்.
வேறொன்றுமில்லை.

பஸ் நின்றது.
எல்லாரும் இறங்கி முதிரை மரத்தடியில் நின்றார்கள்.
நான் இறங்கவில்லை.
அசையாத பஸ்ஸில்
எங்கோ மெல்லிய ஒரு 'க்ளிக்'.
ஊசி திரும்பி வந்தது.
கிணறு இருநூற்றுப் பதினாலு, சேமிக்கப்பட்டது.

பெட்டியில் 'இல்லை' என்பதை அழுத்தினேன்.
மூடினேன். பத்து எண்ணினேன்.

ஜக்கோடு வந்த நடத்துனர்
யன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டார்:
"கிணறு ஒண்டும் உடையேல்லையே, தங்கச்சி?"